ஆடியில் ஒரு கிரேக்கத் தீவு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதம் எனக்கு நிச்சயதார்த்தம் முடிந்தது. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். சென்னையில் வேலை கிடைத்ததிலிருந்து ஓர் ஆசை. மனைவியாக வரப்போகிறவளைத் தேனிலவுக்கு எங்கள் ஊரில் யாருமே போகாத ஓர் இடத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

தேடித் தேடி கிரீஸ் நாட்டில் ஒரு சின்னத் தீவைப் பிடித்தேன். கார் கிடையாது, கூட்டம் கிடையாது. தங்கும் விடுதியின் மாடியில் நின்றால் மூன்று பக்கமும் கடல்.

இதைப் பேச எனக்கு ஆள் இல்லை. எந்தக் காலேஜில் சேரட்டும் என்று கேட்ட நாளிலிருந்தே அப்பா, "படிச்ச புள்ள, உனக்குத் தெரியாததா" என்று எழுந்து வயலுக்குப் போய்விடுவார். அதனால் இதையும் சென்னை ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து தனியாகவே முடிவு செய்தேன். அவளிடம் பாஸ்போர்ட் எடுக்கச் சொன்னேன். எந்த ஊர் என்று கேட்கக் கூடாது என்றேன். "சரிங்க" என்றாள். போனில் நான் எது சொன்னாலும் சரிங்கதான். அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

வைகாசியில் கல்யாணம். மறு வாரம் லேப்டாப்பைத் திறந்து படங்களைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். தேதி மட்டும் கேட்டாள். ஆகஸ்ட் ஒன்று முதல் பத்து வரை என்றேன். அதற்கும் சரிங்க.

விசாவுக்காக இருவரும் சென்னைக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின மாலை. கூடத்தில் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் அவள் என் அம்மாவிடம் பேசுவது காதில் விழுந்தது.

"அத்தை, பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கு எங்க கல்யாண மாலையை நீங்களே ஆத்துல விட்டுடுறீங்களா?"

"அதெப்படிம்மா? ரெண்டு பேரும் சேந்துல்ல விடணும். அவன்கிட்ட சொல்லலியா?"

"அவங்க படிச்சவங்க அத்தை. தெரியாமலா தேதி போட்டிருப்பாங்க?"

எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. கப்பல் நேரம் வரை பார்த்தவன் ஆடிப்பெருக்கைப் பார்க்கவில்லை. அதைவிட, அப்பாவின் வாக்கியம் அவள் வாயிலிருந்தும் வந்ததுதான் சுருக்கென்று தைத்தது. இனி இவளும் எல்லாவற்றையும் என்னிடமே விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வாளோ என்று பயந்துபோனேன்.

உள்ளே போய், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலியேங்க" என்றாள். பிறகு, "எனக்குக் கடல்னாலே பயம். வேளாங்கண்ணி போனப்பகூட கால் நனைக்கல."

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "நல்லா தேடின போ. சுத்தியும் தண்ணியா ஒரு இடம்" என்றாள். அவர்கள் இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றே எல்லாவற்றையும் ரத்து செய்தேன். ஆடி பிறந்ததும் அவளை அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். பதினெட்டாம் பெருக்கன்று நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். காய்ந்துபோன இரண்டு மாலைகளையும் சேர்ந்தே காவிரியில் விட்டோம். எங்கே போகலாம் என்று அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். "ரயில்ல, ரொம்ப தூரம்" என்றாள்.

இருவருக்காக என்று நினைத்து, அவளிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் நான் திட்டம் போட்ட அந்த மாதங்களில்தான் மிகவும் தனியாக இருந்திருக்கிறேன் என்பது இப்போது புரிகிறது.