பிளஷருக்கு அடியில் மூன்று சாசர்கள்

அப்பா ஓட்டிய பிளஷர் எண்ணெய் ஒழுக ஆரம்பித்த வருஷம் நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். காரைப் பிளஷர் என்று சொல்கிற காலம் அது. கார் அப்பாவுடையது இல்லை. விருத்தாசலத்தில் கப்பு, சாசர், ஊறுகாய் ஜாடி செய்கிற கம்பெனி வைத்திருந்த முதலாளியுடையது. அவர் வாங்கும்போதே அது இரண்டு பேரிடம் ஓடி அலுத்த வண்டி. அப்பா அதற்கு டிரைவர். அம்மாவுக்கு அதே கம்பெனியில் வெள்ளை மண்ணைப் பொடியாக்கிச் சலிக்கிற வேலை. முதலாளி வீட்டுப் பின்பக்கம் எங்களுக்கு ஓர் அறை விட்டிருந்தார்கள். டிரைவருக்கு என்று விட்ட அறை. கார் இருந்தால் டிரைவர், டிரைவர் இருந்தால் அறை. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தச் சுவரில் ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதற்கு அம்மா எத்தனை நாள் யோசித்தாள் என்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த வருஷம்தான் முதலாளி கார் நிற்கிற போர்ட்டிகோவுக்கு வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தார். காலையில் அப்பா காரை நகர்த்தினால் அந்த வெள்ளையில் கறுப்பாக ஒரு கறை இருக்கும். அம்மா மண்ணெண்ணெய் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்ப்பாள். மறுநாள் பார்த்தால் மறுபடியும் இருக்கும். முதலாளியம்மா வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முந்தானையால் மூக்கை மட்டும் பொத்திக்கொண்டு தாண்டிப் போவார்கள். அன்றைக்கு அம்மாவுக்குச் சோறு இறங்காது.

மாசி மகத்துக்கு முதலாளியின் சம்பந்தி வீட்டார் வருவதாக இருந்தது. ஊரே ஆற்றங்கரைக்கும் கோயிலுக்கும் திரண்டு வருகிற நாள். புதுச் சம்பந்திகளுக்கு முன்னால் வாசலில் எண்ணெய்க் கறையா என்று முதலாளிக்கு ரோசம் வந்துவிட்டது. அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“மகத்துக்குள்ள ஒழுக்கு நிக்கணும்பா. இல்லன்னா வண்டிய எடைக்குப் போட்டுட்டு நான் குதிர வண்டியில போய்க்குறேன்.”

அப்பா “சரிங்க” என்றார். அவருக்கு முதலாளியிடம் பேச வேறு வார்த்தை கிடையாது. மகத்துக்குப் பதினைந்து நாள் இருந்தது.

அம்மாவுக்கு ஒரு தம்பி. எனக்கு மாமா. ஜங்ஷன் பக்கம் சின்னதாக ஒரு மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். சத்தத்தைக் கேட்டே இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று அவருக்குப் பெயர். அவர் வந்து காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். இன்ஜினின் அடிப்பக்கம் முழுக்க எண்ணெயும் புழுதியும் சேர்ந்து சேற்றில் புரண்ட எருமை மாதிரி இருந்தது. எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சொட்டு எந்த இடத்தில் விழுகிறது என்று முதலில் பார்க்கச் சொன்னார்.

“முன்பக்கம்னா ஒரு நாளு வேல. நடுவுலன்னா அரை நாளு, எண்ணெத் தொட்டி வாயில ஒழுவாம வெச்சிருக்குற கார்க்குப் பட்டைய மாத்துனா முடிஞ்சிது. பின்னால வுழுந்திச்சின்னா மட்டும் என்னக் கூப்புடாதீங்க மாமா. அது பின் சீலு. இன்ஜினயே எறக்கணும். இந்தக் கெழவிக்கு அம்மாம் வைத்தியம் எந்த மொதலாளி பாப்பாரு? எடைக்குத்தான்.”

மாமா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டீ டம்ளரை வாங்கிக்கொண்டு போக நான் அவர் பின்னால் நின்றிருந்தேன். எனக்கு அந்த அறை போய்விட்டது போலவே இருந்தது. அறை போனால் கருவேப்பிலங்குறிச்சியில் பெரியப்பா வீட்டுக்குத்தான் போகவேண்டும். அந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது எனக்கு நினைவிருந்தது.

அன்று சாயங்காலம் அப்பா கம்பெனியில் கழித்துப் போட்ட குவியலிலிருந்து மூன்று சாசர்கள் கொண்டு வந்தார். சூளையில் கோணிப் போனவை. ஆனால் நல்ல வெள்ளை, ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். காரை நிறுத்திவிட்டு, முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என்று இன்ஜினுக்கு நேர் கீழே வரிசையாக வைத்தார். வைக்கும் முன் ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்தார். விரிசல் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

விடிகாலையில் முதலாளி வீட்டு வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பது அம்மாவின் வேலை. நான் கோலமாவு டப்பாவோடு கூடப் போவேன். அன்றைக்கு அம்மா தண்ணீர் மொள்ளப் போன நேரத்தில் காருக்கு அடியில் நுழைந்தேன். முன் சாசர் சுத்தம். நடுச் சாசர் சுத்தம். பின் சாசரில் ஐந்து பைசா அகலத்துக்குக் கறுப்பு எண்ணெய்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு குப்புறக் கிடந்தேன். பிறகு பின் சாசரை எடுத்து நடுவில் வைத்தேன். நடுச் சாசரைப் பின்னால் தள்ளினேன். மாற்றிய அவசரத்தில் எண்ணெய் விளிம்பு வரைக்கும் ஓடி விரலில் பட்டது. விரலைப் பாவாடையின் உள்பக்கத்தில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, ஒன்றும் தெரியாதவள் போலக் கோலத்துக்குப் புள்ளி வைத்தேன்.

அப்பாவும் மாமாவும் வந்தார்கள். அப்பா குனிந்து சாசர்களை ஒவ்வொன்றாக எடுத்தார். எண்ணெய் இருந்ததை நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் அப்படியே நின்றார். எண்ணெயின் நிறத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

“நடுவுலதான் மச்சான்” என்றார்.

மாமாவுக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கே தொட்டியைக் கழற்றிப் புதுக் கார்க் போட்டார். அப்பா மறுபடி சாசர்களை வைத்தார். விடிந்து நான் போய்ப் பார்த்தபோது பின் சாசரில் அதே கறுப்பு. மறுபடியும் மாற்றி வைத்தேன். அப்பா மறுபடியும் “நடுவுலதான்” என்றார். மாமா தலையைச் சொறிந்துவிட்டு, கார்க் மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டினார். கடலூருக்கு ஆள் அனுப்பி வேறு கார்க் வரவழைத்து, பசை தடவி, நட்டு ஒவ்வொன்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினார். மறுநாளும் சொட்டியது. மறுநாளும் நான் மாற்றினேன்.

தொடங்கியாகிவிட்டது, நிறுத்துவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் மாற்றாமல் விட்டால் அன்றைக்கு எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது. ஸ்கூலில் வாய்ப்பாடு சொல்லும்போது பாதியில் மறந்துபோகும். பாவாடைக் கறையை அம்மா பார்த்துவிடக் கூடாதென்று என் துணியை நானே துவைத்தேன். புள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

மகத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது முதலாளி போர்ட்டிகோவுக்கு வந்தார். கம்பெனி ஆட்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். மாமாவைப் பார்த்து, “ஏம்பா, நீ கார்க்கு மாத்துறியா, கார்த்திக வெளக்குக்கு எண்ணெ ஊத்துறியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மாமா அன்றைக்கு ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் எங்கள் அறை வாசல்படியில் வந்து உட்கார்ந்தார். அம்மா வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. அப்பா எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“எனக்குக் கை போயிடிச்சி மாமா” என்றார். “ரெண்டு தடவ மாத்தியும் அதே எடத்துல ஒழுவுதுன்னா கோளாறு வண்டியில இல்ல, எங்கிட்ட இருக்குது. வேற ஆளப் பாத்துக்குங்க.”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தரையைத்தான் பார்த்தேன். நான்தான் மாற்றினேன் என்று சொல்லிவிட நினைத்தேன். விடை தெரிந்த கேள்விக்கே வகுப்பில் எழுந்து நிற்காதவள் நான்.

அப்போதுதான் அம்மா வந்தாள். மண் சலித்துவிட்டு வருகிற யாரும் அந்த நேரத்தில் ஒரே வெள்ளையாகத்தான் இருப்பார்கள். முகம், கழுத்து, புருவம் எல்லாம் பொடி. வெயிலில் நடந்து வந்ததில் வேர்வை அந்த வெள்ளையில் கோடு போட்டிருந்தது. தலையில் போட்டிருந்த துணியை எடுத்து முகத்தைத் துடைக்கப் போனாள்.

“யக்கா, அப்பிடியே நில்லு. தொடைக்காத” என்றார் மாமா.

“என்னாடா, அக்காள இப்பதான் மொதமொதல்ல பாக்குறியா?”

மாமா எழுந்து கிட்டே போனார். அம்மாவின் முகவாயில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டைத் தொடாமல் விரலாலேயே மேலே மேலே கொண்டு போனார். கன்னம், காதோரம், நெற்றி, முடி. சொட்டு விழுவது முகவாயில். புறப்படுவது உச்சந்தலையில். மாமா அப்படியே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவனுக்கு என்ன ஆயிற்று என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள்.

மறுநாள் காலையில் மண்ணெண்ணெய் ஊற்றி இன்ஜினைப் பளிச்சென்று கழுவிக் காய வைத்தார்கள். அம்மா சலித்த வெள்ளைப் பொடியை ஒரு மெல்லிய துணியில் மூட்டை கட்டி, மாமா இன்ஜின் முழுக்கத் தட்டித் தட்டிப் பூசினார். திருநீறு பூசிய பண்டாரம் மாதிரி ஆகிவிட்டது. பிறகு அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எந்த வழியாக எண்ணெய் வந்தாலும் அது என்னிடம்தான் வந்து நிற்கும் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் இன்ஜின் உச்சியில் இருக்கிற மூடியின் பின் மூலையில் எறும்பு மாதிரி ஒரு கறுப்பு தெரிந்தது. மெல்ல நீண்டு, இன்ஜினின் முதுகுப் பக்கமாக இறங்கி, அடியில் போய்த் தொங்கியது. மூடிக்குக் கீழே இருந்த சின்னக் கார்க் காய்ந்து வெடித்திருந்தது. பின் சீலுக்கு ஒரு கேடும் இல்லை. அரை மணி வேலை.

எல்லோரும் பெருமூச்சு விட்டபோது மாமா மட்டும் குனிந்து அடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது பின்னால போயில்ல தொங்குது. அப்புறம் எப்பிடி மாமா நடுச் சாசர்ல வுழுந்திச்சி?”

நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். அப்பா உடனே பதில் சொன்னார்.

“தரை முன்னால சரிவு மச்சான். அடியில ஓடியாந்து வுழுந்திருக்கும்.”

மாமா தரையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், சரி என்று தலையாட்டினார். சாமிதான் அப்பாவின் வாயில் அந்தப் பதிலைக் கொண்டுவந்து வைத்தது என்று நான் மனதுக்குள் பழமலைநாதருக்குக் கும்பிடு போட்டேன்.

மகத்தன்று சம்பந்தி வீட்டார் அந்தக் காரில்தான் ஆற்றுக்குப் போனார்கள். போர்ட்டிகோ வெள்ளையாக இருந்தது. அறை எங்களிடமே இருந்தது. முதல் நாளே பின் சாசரில் எண்ணெய் என்று தெரிந்திருந்தால் வண்டி எடைக்குப் போயிருக்கும், அதனால் நான் செய்தது நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் மாமா அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் எந்த நட்டை முடுக்கினாலும், கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் முடுக்கிப் பார்ப்பார். ரொம்ப சுத்தமான வேலைக்காரர் என்று ஊரில் மெச்சினார்கள். அதைப் பார்க்க முடியாமல் நான் உள்ளே போய்விடுவேன். அப்பாவும் அந்த நேரத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அதை நான் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

அவர்கள் யாரும் இப்போது இல்லை. போன பொங்கலுக்குப் பரண் துடைத்தபோது ஒரு பழைய பானைக்குள் அந்தச் சாசர்களில் ஒன்று கிடைத்தது. கழுவப் போனபோது அடியில் என்னவோ தட்டுப்பட்டது. சாசரின் அடி விளிம்பில் பளபளப்பு ஏறாமல் சொரசொரவென்று ஒரு வட்டம் இருக்கும். அதில்தான் பென்சில் பிடிக்கும். எனக்குக் கண்ணில் புரை. ஜன்னல் வெளிச்சத்தில் நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அப்பாவின் எழுத்தில், பாதி அழிந்து, மூன்று என்று ஒரு எண்.

தூக்கிய கை அப்படியே நின்றது. சாசருக்குள் இருக்கிற எண்ணெயைப் பார்க்க நினைப்பவர் அதை நெற்றிக்கு மேலே தூக்க மாட்டார். அங்கே தூக்கினால் அடிப்பக்கம்தான் தெரியும். முன்னால் ஒன்று, நடுவில் இரண்டு, பின்னால் மூன்று. முதல் நாள் காலையிலேயே நடு இடத்தில் மூன்றாம் எண் இருந்ததை அப்பா படித்திருக்கிறார். அதற்கு அப்புறம்தான் “நடுவுலதான் மச்சான்” என்று சொல்லியிருக்கிறார்.

அத்தனை நாளும் அந்த வீட்டில் பயந்துகொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். மாமா வாசல்படியில் உட்கார்ந்து தன் கை போய்விட்டது என்று சொன்னபோது, ஏன் இரண்டு பேர் தரையைப் பார்த்தோம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.