கொப்பியில் எழுதாத யன்னல்

சூடேறிய தூசிக்கு ஒரு மணம் உண்டு. உப்புவெளி ஊரில் எங்கள் வீட்டின் முன்னறையிலிருந்து அந்த மணம், வளவில் காயும் கருவாட்டு மணத்தோடு கலந்து வந்தால், அண்ணாவின் கணினி ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று படலையில் நின்றே சொல்லிவிடலாம். ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால், கார் ஓட்டும் விளையாட்டில் வீதியோரம் நீலமாக இருக்கவேண்டிய கடல் ரோஸ் நிறத்தில் கிடந்தது. தென்னை மரங்கள் கூராக இழுபட்டு வானத்தைக் குத்திக்கொண்டு நின்றன. எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணா சிரிக்கவில்லை.

காரணம் இருந்தது. கணினிக்குள் படத்தைத் திரைக்கு அனுப்பும் பலகை, நாங்கள் "கார்ட்" என்று மட்டும் சொல்லும் அந்தச் சாமான், எங்களுடையது அல்ல. அண்ணாவின் கூட்டாளி, கிண்ணியா நஸீர் அண்ணாவுடையது. வீடு கட்டுவதற்கான படம் வரையும் படிப்புக்கு அவர் கொழும்புக்குப் போனபோது, முதல் வருடம் தனக்கு இது தேவைப்படாது, நீங்கள் விளையாடுங்கள் என்று கழற்றித் தந்துவிட்டுப் போயிருந்தார். ஹஜ்ஜுப் பெருநாள் லீவுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போவார். அதற்கு நான்கு மாதம் இருந்தது. இரவல் சாமானைப் பழுதாக்கிக் கொடுக்கும் வீடு என்று பெயர் எடுப்பதைவிட அண்ணா சாப்பிடாமல் இருந்திருப்பார்.

அண்ணாவுக்கு அப்போது பத்தொன்பது வயது, எனக்குப் பதினொன்று. பிழை பிடிப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும், மாற்றியதை எழுதவேண்டும். என் பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கங்கள் அதற்கு ஒதுக்கப்பட்டன. எழுத்து அழகு என்பதால் எழுதும் வேலை எனக்கு. முதல் நாள் திரைக்குப் போகும் வயரை மாற்றினோம். கடல் ரோஸாகவே இருந்தது. அடுத்த நாள் கார்டுக்கான மென்பொருளை அழித்து மறுபடி போட்டோம், பலனில்லை. மூன்றாம் நாள் கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து மேசைக் காற்றாடியைத் திருப்பிவிட்டோம். பத்து நிமிடத்தில் கடல் நீலமானது. அப்படியென்றால் சூடுதான். தூசியைத் தட்டி, கார்டின் சின்னக் காற்றாடிக்கு ஒரு துளி தையல் மெசின் எண்ணெய் விட்டு, தகட்டைப் பூட்டினார். நான் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விளையாடக்கூடாது, தகட்டைத் திறக்கக்கூடாது என்பது சட்டம். அதையும் கொப்பியில் நானே எழுதினேன்.

ஒரு மணித்தியாலம் யாருக்குப் போதும்? அண்ணா பின்னேரங்களில் "ரியூசன்" வகுப்புக்குப் போய்விடுவார். நான் தகட்டைக் கழற்றி, பெட்டியைக் கடல்பக்க யன்னல் வரைக்கும் இழுத்துவைத்து, இரண்டு கதவையும் திறந்துவிடுவேன். மேசைக் காற்றாடி என்ன காற்றாடி, பின்னேரக் கடற்காற்றுக்கு முன்னால்! அண்ணாவின் சைக்கிள் மணி கேட்பதற்குள் எல்லாம் பழையபடி இருக்கும். நான் புத்திசாலி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அதைக் கொப்பியில் எழுதவில்லை.

மூன்று மாதம் போனபின் பிழை திரும்பி வந்தது, இம்முறை வேறு குணத்தோடு. காலையில் பெட்டி குளிர்ந்து கிடக்கும்போதே பச்சைக் கோடுகள் ஓடின. சில நாள் திரை எழும்பவேயில்லை. அண்ணா கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு விரலால் வரிவரியாகப் படிப்பார். சூடு இல்லை, வயர் இல்லை, மென்பொருள் இல்லை. எதுவும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. பக்கத்தில் பென்சிலோடு நான் இருந்தேன். சொல்லியிருக்கலாம். விளையாட்டை நிறுத்திவிடுவார் என்ற பயம் முதலில். பிறகு இவ்வளவு நாள் சொல்லாததற்கு என்ன சொல்வது என்ற பயம்.

பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கையில் அண்ணா கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெட்டியில் செருகும் ஓரத்தில் பொன்னிறப் பற்கள் வரிசையாக இருக்கும். அவை கறுத்து, சில இடத்தில் பச்சை பூத்திருந்தன. கடலால் வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அப்பா எட்டிப் பார்த்தார். போட் எஞ்சினோடு இருபத்தைந்து வருடம் பழகியவர், கணினியை அன்றுதான் முதன்முதலாகக் கிட்ட வந்து பார்த்தார்.

"இது உப்புக் காத்து. நல்ல தண்ணியில ஒருக்காக் கழுவிவிடு" என்றார்.

கடலுக்குப் போய்வந்த எதையும் நல்ல தண்ணீரில் கழுவி, கிறீஸ் பூசி வைப்பது எங்கள் பக்க வழக்கம். தண்ணீர் மட்டும் ஏலாது என்று அண்ணா கார்டைப் பின்னால் மறைத்துக்கொண்டார். சரி, தண்ணீர் வேண்டாம் என்று அப்பா கிறீஸ் பேணியோடு வந்துவிட்டார். இரண்டாம் முறையும் தகப்பனைத் தடுக்க அண்ணாவுக்கு வாய் வரவில்லை. எஞ்சின் பற்றறியின் முனைக்குப் பூசுவதுபோல் அப்பா அந்தப் பற்களுக்குத் தாராளமாகவே பூசினார். செருகி சுவிட்சைப் போட்டால் கோடும் இல்லை, கடலும் இல்லை, கறுப்புத் திரை. அப்பா பேணியை மூடிக்கொண்டு குசினிப் பக்கம் போய்விட்டார்.

அன்று பின்னேரம் முழுக்கத் துணியால் கிறீஸைத் துடைத்தோம். பிறகு என் பள்ளிக்கூட "அழிறப்பரால்" அண்ணா ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தார். கறுத்த துகள் உதிர உதிரப் பொன்னிறம் எட்டிப் பார்த்தது. திரை எழும்பியது. வலது ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு மட்டும் என்ன செய்தும் போகவில்லை.

பெருநாளுக்கு அடுத்த நாள் நஸீர் அண்ணா பெருநாள் இனிப்பான வட்டிலாப்பத்தோடு வந்தார். அண்ணா எதையும் மறைக்காமல் கோட்டைக் காட்டி, கொப்பியையும் கொடுத்தார். வாசல்வரை வந்த அப்பா, "தம்பி, கிறீஸ் பூசினது நான். இவனில பிழையில்ல" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

நஸீர் அண்ணா கொப்பியைக் கடைசிவரை படித்தார். "யன்னலடியில வச்சனீங்களோ?" என்று கேட்டார்.

"இல்ல. வச்சிருந்தா எழுதியிருக்கும். தங்கச்சி எல்லாம் எழுதுவா" என்றார் அண்ணா.

நான் வட்டிலாப்பக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த மாதம் அந்தக் கார்ட் கொழும்பில் முற்றாக நின்றுபோய், நஸீர் அண்ணா தன் படங்களை எல்லாம் கையால் வரைந்து கொடுத்தார் என்று கேள்விப்பட்டபோது, வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. வீட்டில் வயிற்றுவலி என்று சொன்னேன்.

இன்று நான் ஊரில் ஓர் அலுவலகத்தில் கணினி பழுது பார்க்கிறேன். அந்த விளையாட்டு இப்போதைய கணினிகளில் ஓடாது. கடல்பக்க யன்னலைக் கல் வைத்து அடைத்துவிட்டோம். அந்த இடத்தில் அலுமாரி நிற்கிறது. போன மாதம் அலுமாரியை ஒதுக்கும்போது கொப்பி அகப்பட்டது. பென்சில் எழுத்து பாதி மங்கிவிட்டது. கடைசி வரிக்குக் கீழே பேனையால் எழுதினேன்: பின்னேரங்களில் தகட்டைக் கழற்றி யன்னலில் வைத்தேன், மூன்று மாதம். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கட்டாரில் வேலை செய்யும் அண்ணாவுக்கும், இப்போது கிண்ணியாவில் வீடுகள் கட்டும் நஸீர் அண்ணாவுக்கும் அனுப்பினேன்.

நஸீர் அண்ணா சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பி, அந்தக் கையால் வரைந்த படங்கள் இன்னும் தன்னிடம் இருப்பதாக எழுதியிருந்தார். அண்ணாவின் பதில் வேலை முடிந்தபின் குரலாக வந்தது.

"எனக்கு அப்பவே தெரியும். பெட்டிக்குள்ள கடல் மணல் கிடந்தது. நீயா எழுதுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."