கம்சாயினியின் பின்னப் பாடம்

ஆரையம்பதிக் கம்சாயினி ஒருதரம் கோட்டை விட்டவள். கல்வியியற் கல்லூரியில் எல்லாப் பரீட்சையும் பாஸ். கற்பித்தல் பயிற்சியில் மட்டும், விரிவுரையாளர் வகுப்பின் கடைசி வாங்கில் வந்து குந்தியதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. இந்தமுறையும் கவிழ்ந்தால் டீச்சர் வேலையை மறக்க வேண்டியதுதான்.

அதனால் பயிற்சிக்குப் போன பனிச்சங்கேணிப் பள்ளிக்கூடத்தில் ஒரு கள்ள வேலை பார்த்தாள். யார்தான் பார்க்கவில்லை, அதை விடுங்கள்! பாடம் பார்த்துப் புள்ளி போட விரிவுரையாளர் ஜூலியன் சேர் வருவதற்கு முதல்நாளே நாலாம் ஆண்டுக்கு அந்தப் பின்னப் பாடத்தை அச்சுப்பிசகாமல் நடத்திவிட்டாள். அரை, கால், முக்கால், பிறிஸ்டல் போட் மட்டையில் வெட்டிய வட்டங்கள், யார் எப்போது கையுயர்த்துவது, எல்லாமே.

மறுநாள் பிள்ளைகள் டீச்சரைக் காப்பாற்றியே தீருவது என்று வந்திருந்தார்கள். கேள்வி வாயை விட்டு வருமுன்னே “கால் டீச்சர்!” என்று கத்தினார்கள். கையுயர்த்தாமல் இருந்தது டினோஷா ஒருத்திதான். சேர் அவளைத்தானா கேட்க வேண்டும்!

“எனக்குத் தெரியா சேர். நேற்று இதப் படிப்பிச்சக்குள்ள நான் வரல்ல.”

கம்சாயினிக்கு உசிர் போய் வந்தது. சேர் பாடக்குறிப்பை மூடி வைத்தார்.

“அப்ப இவவுக்குப் படிப்பிங்க. நான் இருந்து பாக்கிறன்.”

வட்டங்களைக் காட்டினாள், பிள்ளை முழித்தது. இனி என்னதான் கிடக்கு என்று வட்டங்களை மேசையில் போட்டுவிட்டு, டினோஷாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.

“வீட்ட எத்தின பேர் மனே?”

“நாலு பேர்.”

“அம்மா ஒரு குழல் புட்டு அவிச்சா எத்தினயாப் பிரிப்பா?”

“மூணா.”

எல்லாரும் சிரித்தார்கள்.

“அம்மா தனக்கு எடுக்கிறல்ல டீச்சர்.”

பாவம், அந்தத் தாய்! ஆனாலும் கம்சாயினி விடவில்லை. நிலத்தில் நீளமாய் ஒரு புட்டைக் கீறி, சோக்குக்கட்டியைப் பிள்ளையின் கையில் கொடுத்தாள்.

“இண்டைக்கு அம்மாவுக்கும் வைப்பம். பிரி பாப்பம்.”

டினோஷா யோசித்து யோசித்து மூன்று கோடு போட்டு, ஒரு துண்டைத் தொட்டாள். “இதா டீச்சர் கால்?”

“ஓம் மனே, அதுதான் கால்!”

“போதும், நீங்க பாஸ்,” என்று எழும்பினார் சேர்.

“கொஞ்சம் பொறுங்க சேர்,” என்றாள் கம்சாயினி. பிள்ளை இன்னும் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ட பங்கு சின்னனாப் போச்சு டீச்சர்,” என்றாள் டினோஷா. “பரவால்ல, அம்மா தின்னட்டும்.”