அந்த வீட்டுக்கு நாங்க ஆள் அனுப்பல

மூணு வருஷத்துக்கு முந்தி நடந்தது இது. பலாங்கொடைக்கு மேல இருக்கிற எங்க தேயிலைத் தோட்டத்திலேர்ந்து காலை பஸ்ல டவுனுக்கு வீட்டு வேலைக்குப் போறவங்க நாங்க ஏழு பேர். ஒருத்தி நின்னுட்டா அந்த வீட்டு நோனா, அதான் வீட்டுக்கார அம்மா, மத்தவங்களுக்குப் போன் பண்ணி ஆள் கேப்பாங்க. மறுநாளே நாங்க ஒருத்தியை அனுப்பிடுவோம். அதுதான் வழக்கம்.

அந்த வாரம் எங்களோட வர்ற அக்கா ஒருத்தருக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில படுத்திருந்தாங்க. ஒம்பது வருஷமா வேலை செஞ்ச வீட்டுல, நாலாவது நாளே "இனி வர வேணாம்"னு சொல்லிட்டாங்க. அக்காவுக்குப் புருஷன் இல்ல, ரெண்டு பிள்ளைகளும் படிக்குதுங்க. அந்த வேலையை விட்டா வேற வழியே கிடையாது.

அன்னிக்குச் சாயந்தரம் பஸ்ல திரும்பி வரும்போது அக்காவை நிறுத்தின அதே நோனா எனக்குப் போன் பண்ணி, என்னை வரச் சொல்லி சிங்களத்துல தேனா பேசினாங்க. அவங்க வீட்டுல வாஷிங் மெஷின் இருக்கு, நான் போற வீட்டுல எல்லாம் கையாலதான் துவைக்கணும். சோப்புத்தூள்ல வெந்து கிடந்த என் கையைப் பார்த்தேன். "நாளைக்கே வாறேன் நோனா"ன்னு சொல்லிட்டேன். வெக்கங்கெட்ட எனக்கு அந்த நேரம் அக்கா ஞாபகமே வரல.

போனை வச்சேன். எங்கள்ல சின்னவ, சரியான வாயாடி, அவதான் கேட்டா: "அடுத்த மாசம் உங்களுக்குக் காய்ச்சல் வந்தா, உங்க இடத்துக்கு நான் போகவா?"

சுருக்குன்னு இருந்துச்சு. கோவமும் வந்துச்சு, அவ மேல இல்ல, என் மேலதான். அங்கேயே திரும்பப் போன் எடுத்தேன். "நான் வரல நோனா. அது அக்காவோட வேலை, சுகமானதும் அவங்களே வருவாங்க"ன்னேன். படக்குன்னு வச்சுட்டாங்க. பிறகு மத்த அஞ்சு பேருக்கும் போன் போச்சு. அஞ்சு பேரும் அதையேதான் சொன்னாங்க. நாங்க வேலை செய்யிற வீடுகள்லயும் எங்களை நிறுத்திடுவாங்களோன்னு பயந்துகிட்டேதான் இருந்தோம். ஒரு வாரத்துக்கு மேல நோனாவே கூட்டி, துடைச்சுப் பார்த்திருக்காங்க. கடைசியில அக்காவுக்கே போன் பண்ணி, எப்ப வர முடியும்னு கேட்டாங்க.

நான் முதல்ல சரி சொன்னதை அக்காகிட்ட மறைக்கல. "தெரியும், சின்னவ அப்பவே சொல்லிட்டா"ன்னு சிரிச்சாங்க.

இப்ப பக்கத்துத் தோட்டத்துப் பொம்பளைகளும் சேர்ந்து நாங்க ஒரு சங்கமாயிட்டோம். சுகமில்லாட்டி லீவுன்னு வீட்டுக்காரங்ககிட்ட முதல்லயே பேசிக்கிறோம். முப்பது வருஷமா நோனாமார் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினவ நான். ஓடுற பஸ்ல சொன்ன அந்த ஒரு "வரல"தான், இதுவரைக்கும் நான் செஞ்ச வேலைகள்லயே எனக்குப் பெருமையான வேலை.