பட்டமரத்துக்கு மஞ்சள் வளையம்

என் அண்ணிக்கு வனத்துறையில் பறவைகளைக் கண்காணிக்கிற வேலை. "அவனவன் பொண்டாட்டி நகை கேக்குறா, என் பொண்டாட்டி பட்டமரம் கேக்குறா" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொள்வான். அவன் ஆசையாக வாங்கிவந்த கட்டிலைக்கூட அண்ணி முதலில் விரலால் தட்டிப் பார்த்தாள். காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ள புழு இருக்கு, மரங்கொத்தி பார்த்தா விடாது" என்றாள். கட்டில் வந்த வண்டியிலேயே கடைக்குத் திரும்பிப் போனது.

நான் மரக்கிடங்கில் எடைமேடையைப் பார்த்துக்கொள்கிறேன். காட்டிலிருந்து வரும் லாரி எதுவானாலும் என் ஜன்னலோரம் நின்று எடை போட்ட பிறகுதான் உள்ளே போகும். முன்பெல்லாம் அடிமரம் மட்டும்தான் வரும். கிளை, கொப்பு, விழுந்து மட்கிய கட்டை எல்லாம் காட்டிலேயே கிடக்கும். இப்போது கிடங்கை ஒட்டிய எங்கள் ஆலையின் கொதிகலனில் எரிக்க அதுவும் வேண்டுமாம். ஒரு குச்சி விடாமல் வழித்து எடுத்து வருகிறார்கள். துடைப்பம் போட்டுப் பெருக்காததுதான் பாக்கி.

அதில்தான் அண்ணிக்கு வயிற்றெரிச்சல். "செத்த கட்டைக்குள்ளதான்டி புழுவும் எறும்பும் இருக்கும். அதையும் வழிச்சுட்டா மரங்கொத்தி எங்க போய்த் தின்னும்? உங்க கேன்டீனுக்கு வரணுமா?" என்று என்னிடம் எகிறுவாள், என்னவோ நான்தான் ஆலை நடத்துவது போல.

நடையாய் நடந்து, வனத்துறை அதிகாரியின் பிராணனை வாங்கி, ஒரே ஒரு மலைச்சரிவுக்கு அனுமதி வாங்கினாள். அங்கே பட்டமரங்களையும் விழுந்த கட்டைகளையும் எடுக்கக் கூடாது. மரங்கொத்தி அதில் இரை எடுப்பதை அதிகாரி கண்ணால் பார்த்துவிட்டால், இனி வெட்டும் இடமெல்லாம் கொஞ்சம் விட்டுவைப்பார்கள். பார்க்காவிட்டால் பேச்சே கிடையாது. சரிவின் ஓரத்தில் வெட்டாத மரம் ஒன்றில் பொந்து இருந்தது, அதற்குள் குஞ்சுகளும் இருந்தன.

விட வேண்டிய மரங்களுக்கெல்லாம் அண்ணி மஞ்சள் வளையம் போட்டாள். ஆனால் இந்தத் தொழிலில் வளையம் போட்ட மரம் என்றால் எடுக்க வேண்டிய மரம். அதனால் வெட்டுகிறவர்களிடம் நேரில் போய், "இது நேர்மாறு, மஞ்சள்னா கை வைக்காதீங்க" என்று சொன்னாள். அவர்களும் வைக்கவில்லை. கழிவு அள்ள வருகிறவர்கள் வேறு ஆட்கள், வேறு ஒப்பந்தக்காரர். "அவங்ககிட்ட நான் சொல்லிடறேம்மா" என்றார் அதிகாரி.

அவர் சொல்லிக் கிழித்த லட்சணம் ஒரு மத்தியானம் என் ஜன்னலோரம் வந்து நின்றது. லாரி நிறைய மஞ்சள் வளையம். நின்ற பட்டமரத்தையும் சாய்த்து, துண்டுபோட்டு ஏற்றியிருந்தார்கள். வெட்டுவாயில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன.

"ஐயோ, இதை ஏங்க எடுத்தீங்க?"

"பெயிண்ட் அடிச்சிருந்துச்சேம்மா" என்றார் டிரைவர், பாவம், ஒன்றும் புரியாமல்.

அண்ணி ஸ்கூட்டரில் பறந்து வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவளா அழுவாள்? அதிகாரிக்குப் போன் போட்டுக் காய்ச்சி எடுத்துவிட்டாள். அடுத்த சரிவில் பார்த்துக்கொள்ளலாம் என்றாராம் அந்த மனுஷர். "அடுத்த சரிவுல இருக்கிறதெல்லாம் நேத்து நட்ட கன்னு சார்! பட்டமரத்தைக் கடையிலயா வாங்குவேன்?" என்று கத்தினாள். கடைசியில் அவர் இறங்கி வந்தார். நாலு துண்டையாவது திரும்பக் கொண்டுபோய் வைக்கட்டும், பறவை வந்தால் வந்து பார்க்கிறேன், இனி எடுக்காதபடி ஆட்களிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றார்.

புழு நிறைந்த துண்டுகளாகப் பார்த்து ஸ்கூட்டரில் கட்டிக் கொண்டுபோய், பொந்து இருந்த மரத்தடியில் இருவரும் சாய்த்து வைத்தோம். மஞ்சளைச் சுரண்டிவிட வேண்டும் என்று எங்கள் இரண்டு மரமண்டைக்கும் தோன்றவில்லை. அண்ணிக்கு அது 'தொடாதே' என்றே மனதில் பதிந்துபோயிருந்தது.

மறுநாள் காலையிலேயே போன். "வந்துடுச்சுடி! துண்டு மேல உக்காந்து டொக்கு டொக்குனு கொத்துது. வாய் நிறைய எடுத்துட்டுப் போய்க் குஞ்சுக்கு ஊட்டுது! அந்த ஆள் போனை எடுக்கல. வீட்டுக்கே போய் கையோட கூட்டிட்டு வர்றேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. கிடங்கில் எல்லோருக்கும் என் செலவில் டீ சொன்னேன். டீ குடித்து ஒரு மணிநேரம் போயிருக்கும், லாரி வந்துவிட்டது. இன்று வேறு டிரைவர். குச்சிகளுக்கு மேலே எங்கள் துண்டுகள் கிடந்தன.

"நேத்து நம்ம ஆளுங்க பெயிண்ட் அடிச்சதை நாலஞ்சு விட்டுட்டு வந்துட்டாங்கம்மா" என்று பெருமையாகச் சிரித்தார். "தேடிப் பொறுக்கிட்டு வந்துட்டேன்."

"மேடையை விட்டு நகராதீங்க!" என்று கத்திவிட்டு அண்ணிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி போட்டேன். கடைசியில் எடுத்தாள். ஆனால் முதலில் காதில் விழுந்தது அதிகாரியின் குரல்தான்.

"எங்கம்மா பறவை? வெறுந்தரையைக் காட்டவா காலங்காத்தால இழுத்துட்டு வந்தே?"

 

"அண்ணி, போனை ஸ்பீக்கர்ல போடுங்க" என்றேன். "சார், துண்டெல்லாம் இங்க லாரியில இருக்கு. நேத்து ஆளுங்ககிட்ட சொல்லிடறேன்னீங்களே, யார்கிட்ட சார் சொன்னீங்க?"

பொந்துக்குள்ளிருந்து குஞ்சுகள் கத்துவது மட்டும் போனில் நன்றாகக் கேட்டது.