கல் நின்ற நேரம்

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதிமூன்றில், ஆரியசாலைக் கடைத்தெருவில் சாம்பசிவ ஐயரின் காபி கிளப்புக்கு மாவாட்டிக் கொடுத்தவள் பாகீரதி. அங்கே உட்கார்ந்து தோசை தின்ற வியாபாரிகள் ஒருவருக்கும் அவள் முகம் தெரியாது. பெண்பிள்ளை கடைக்குள் தலைகாட்டக் கூடாது என்பது ஐயரின் சட்டம். கொல்லைப்புறக் கொட்டகையில் அவளும் ஆட்டுக்கல்லும்தான். ஆனால் அந்தக் கல்லின் சத்தம் பின்சந்து முழுவதற்கும் பழக்கம். காலையில் தொடங்கினால் அது பாட்டுக்குக் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே சந்துக்காரர்கள் குழந்தைகளைத் தூங்கப் பண்ணுவார்கள்.

அவள் புருஷன் பம்பாய்க்குச் சமையல் வேலைக்குப் போனவன், போனவன்தான். அண்ணி முகம் சுளிக்கும் முன்பே தன் சோற்றைத் தானே தேடிக்கொள்ள வேண்டும் என்று பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பியவள் பாகீரதி. வேலை போனால் இன்னொன்று கிடைக்கும். பேர் போனால் அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டு அடுக்களையும் அவளுக்குத் திறக்காது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஐயரின் மைத்துனன் பஞ்சாபகேசன் கல்லாவில் உட்காருகிறவன். நெற்றி நிறைய விபூதி, வாயைத் திறந்தால் சுலோகம். மத்தியானம் ஐயர் வீட்டுக்குச் சாப்பிடப் போவார், கடையிலும் கூட்டம் குறையும். அந்த நேரம் பார்த்து, உளுந்து எப்படி அரைபடுகிறது என்று பார்க்க அவன் கொல்லைக்கு வரத் தொடங்கினான். உளுந்தின் மேல் அவனுக்கு இருந்த அக்கறையை அந்த உளுந்தே நம்பியிருக்காது. முதலில் வாசற்படியில் நின்றான். பிறகு பக்கத்தில் வந்து நின்றான். ஒருநாள், “பாவம், கை வலிக்குமே” என்று குழவியின் மேலிருந்த அவள் கையைப் பிடித்தான்.

பாகீரதி கையை உதறிவிட்டுக் கிணற்றடிக்குப் போய், அவன் திரும்பிப் போகும்வரை அங்கேயே நின்றாள். அதன்பின் அவன் வருவதும் அவள் எழுந்து போவதும் தினப்படி ஆயிற்று. தினமும் அந்த நேரத்துக்குக் கல் நின்றது. சில நாள் அவள் எழுந்திருப்பதற்குள் அவன் வந்துவிடுவான். அந்த நாட்களில் வீட்டுக்குப் போய் இன்னொரு தரம் குளிப்பாள்.

யாரிடம் சொல்வது? முள்ளில் சேலை பட்டாலும் சேலையில் முள் பட்டாலும் கிழிவது சேலைதான் என்று பெண்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். முள்ளுக்கு ஒரு புத்திமதி சொல்லி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் பொறுக்க முடியாமல், “இனிமே இங்கே வந்தா ஐயர் மாமாகிட்டே சொல்லிடுவேன்” என்று அவனிடமே சொன்னாள். அதுதான் தப்பாகப் போயிற்று. அன்று சாயங்காலமே அவன் ஐயரிடம் முந்திக்கொண்டான்.

“அத்திம்பேர், அவள் மத்தியானம் முழுக்க வெறுதே உக்காந்திருக்கா. சம்பளம் மட்டும் முழுசா வாங்கறா.”

ஐயர் தம் நினைப்பில் பெரிய நியாயஸ்தர். ஒருதலையாகக் கேட்டு முடிவு செய்யமாட்டார். கொல்லைச் சுவரை ஒட்டிய வீட்டு ஜெயலக்ஷ்மி மாமியைச் சன்னல் வழியே கூப்பிட்டு விசாரித்தார்.

“ஆமாம், தெனம் மத்தியானம் கல்லு நின்னுடும். ரொம்ப நாழி சத்தமே இருக்காது. ஏன்னுதான் நானும் நினைச்சிண்டிருக்கேன்” என்றாள் மாமி.

சத்தியமான பேச்சு. இதற்குமேல் ஐயருக்கு என்ன சாட்சி வேண்டும்? மறுநாள் பாகீரதி வந்ததும், “நாளையிலேருந்து ஜோலிக்கு வரண்டாம்” என்றார். ஏன் என்று கேட்டாள். சொன்னார். சந்தே சாட்சி என்றும் சொன்னார்.

பாகீரதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முதல் தடவையாகக் கொல்லை வாசற்படி தாண்டிக் கடைக்குள் வந்து நின்றாள். காபி ஆற்றிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“கல்லு நின்னது எல்லாருக்கும் கேட்டுது, மாமா. அந்த நேரத்திலே கல்லாவிலே யார் இருந்தான்னு யாராவது பாத்தேளா? பிச்சுமணி அண்ணா, நீங்க சொல்லுங்கோ.”

பிச்சுமணி தோசை வார்ப்பவன். மத்தியானத்தில் சில்லறை கொடுக்க ஆள் இல்லை என்று வியாபாரிகள் கூச்சல் போடும்போதெல்லாம், கரண்டியைப் போட்டுவிட்டுக் கல்லாவுக்கு ஓடியவன் அவன்தான். நாலு பெண்களைப் பெற்றவன், அதனால் அவள் கேட்டதன் அர்த்தம் முழுவதும் அவனுக்குப் புரிந்தது. நாலு பெண்களைப் பெற்றவன், அதனாலேயே வாயைத் திறக்கவில்லை. தோசை கருகிற்று.

ஐயரின் பார்வை மைத்துனன் பக்கம் போயிற்று. அவன் தலை நிமிராமல் கல்லாப்பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஐயருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் அவர் குரல் தணிந்தது, அவ்வளவுதான்.

“வேற எங்கேயாவது பாத்துக்கோம்மா. இதைப் பெருசாக்கினா உனக்குத்தான் சீத்தப்பேர்.”

தெரியாமல் துரத்தியிருந்தால் மனசு ஆறியிருக்கும். தெரிந்தே துரத்தினார்.

சில நாள் கழித்து ஜெயலக்ஷ்மி மாமி அவளைத் தேடிக்கொண்டு வந்தாள். கடையில் நடந்த பேச்சு சந்து வரைக்கும் வந்திருந்தது.

“நான் பொய் சொல்லலைடீ.”

“பொய் சொல்லலை, மாமி. ஆனா கல்லு நின்னுடுத்தே, அவளுக்கு என்ன ஆச்சோன்னு ஒரு நடை வந்து பாத்திருக்கலாம்.”

மாமியின் முகம் சுண்டிப்போயிற்று. பிறகு, பெண்ணுக்குச் சீமந்தம், முறுக்கு சுற்ற ஒரு கை வேண்டும், வருகிறாயா என்று கேட்டாள். ரோஷம் பார்த்தால் வயிறு கேட்காது. பாகீரதி போனாள்.

மாமியின் அடுக்களையில் உட்கார்ந்து முறுக்கு சுற்றும்போது சுவருக்கு அந்தப் பக்கம் கிளப்பின் கல் ஓடிக்கொண்டிருந்தது. தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பெண்ணைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள் என்று மாமி சொன்னாள். பழகாத கை, விட்டுவிட்டு ஓடிற்று. மத்தியானம் அது நின்றது.

மாமி பாகீரதியைப் பார்த்தாள். பாகீரதியின் விரலில் முறுக்கு அறுந்தது. இப்போது சத்தம் போட்டால், உனக்கு எப்படித் தெரியும் என்று சந்து கேட்கும். கிளப்பில் அவள் பாதியோடு நிறுத்திய பேச்சு முழுவதும் வெளியே வரும். ஐயர் சொன்ன அந்தக் கெட்ட பேரும் கூடவே வரும். அவளிடம் மிஞ்சியிருந்ததே பேர் ஒன்றுதான். கல் இன்னும் ஓடவில்லை.

பாகீரதி எழுந்துபோய்ச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“டேய் பஞ்சாபகேசா! போடா கல்லாவுக்கு!”

சந்தே அதிர்ந்தது. மாமியும் ஓடிவந்து பக்கத்தில் நின்று, “யாரு அங்கே? கல்லு ஏன் நின்னுடுத்து?” என்று தன் பங்குக்குக் கத்தினாள். எதிர்வீட்டுச் சன்னல் ஒன்று திறந்தது. அந்தப் பக்கம் கொட்டகைக் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. சற்றுப் பொறுத்துக் கல் மறுபடி ஓடத் தொடங்கிற்று.

பாகீரதி அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

“எதுக்குடீ அழறே? அவன்தான் ஓடிட்டானே” என்றாள் மாமி.

“எனக்கும் அன்னிக்கு இந்த ஒரு சத்தம் போதுமா இருந்திருக்கே, மாமி.”