நீலத்திரையும் கைதட்டலும்

அந்தப் பகுதியில் அவனை எல்லோரும் ‘ஃபார்மட்’ என்றே கூப்பிட்டார்கள். பதினாறு வருடங்களாக வீடுவீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். எந்தக் கோளாறுக்கும் அவனிடம் ஒரே வைத்தியம்தான்: உள்ளே இருப்பதைத் துடைத்துப்போட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுவது. திடீரென்று திரை நீலமாகி, வெள்ளை எழுத்தில் ஏதோ காரணம் சொல்லி அணைந்துபோகிற நோய்க்கும் அதேதான். அந்த எழுத்தை அவன் படித்ததே இல்லை. படித்தால் காரணம் தேட வேண்டும், தேடினால் அரைநாள் போய்விடும். முக்கியமானதை டி டிரைவில் வையுங்கள், சி எப்போதும் என்னுடையது, துடைத்துவிடுவேன் என்று போகிற வீட்டிலெல்லாம் ஓதிவைத்திருந்தான். கேட்காதவர்கள் இழந்தார்கள். அவர்கள் தலையெழுத்து என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

அப்படிப்பட்டவன் கூடப்பிறந்த அண்ணன் வீட்டில் மட்டும் வேறு மாதிரியா வேலை செய்வான்?

அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ரயில் நிலையத்தில் இருபது வருடம் அறிவிப்புச் சொன்ன மனிதர், கழுத்தில் ஒரு துளையோடு வீடு திரும்பிப் பத்து நாள் ஆகியிருந்தது. ஒரு சிலேட்டும் இரண்டு கைகளும்தான் இப்போது அவருடைய பேச்சு. ஒருமுறை தட்டினால் தண்ணீர், இரண்டுமுறை தட்டினால் நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும்.

அந்தப் பத்து நாளும் முன்னறைக் கம்ப்யூட்டர் நீலத்திரை காட்டி விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தது. தம்பியைக் கூப்பிடு என்று சிலேட்டில் எழுதியதே அண்ணன்தான்.

ஃபார்மட் வந்தபோது அவர் உள்ளறையில் கண்ணயர்ந்திருந்தார். கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று அண்ணியிடம் கேட்டான். அவருக்குத்தான் தெரியும், விழித்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்றார் அண்ணி. காத்திருக்க அவனுக்குப் பொறுமை ஏது? இன்னும் இரண்டு வீடு பாக்கி இருந்தது.

“எல்லாம் டி-லதான் இருக்கும் அண்ணி. சி-யை அழிச்சிட்டுப் புதுசா போட்டுடறேன்” என்று சத்தமாகவே சொன்னான்.

உள்ளறையில் கைதட்டல் கேட்டது. ஒன்று. பிறகு இன்னொன்று. பிறகு எண்ணிக்கையே இல்லாமல்.

“அண்ணனுக்குத் தண்ணி வேணும்போல, பாருங்க” என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அண்ணி டம்ளரோடு போனார். அண்ணன் அதைத் தட்டிவிட்டு, சிலேட்டில் ‘நிறுத்து’ என்று எழுதி நீட்டினார். அண்ணி ஓடிவருவதற்குள் ஃபார்மட் சி-யை அழித்து முடித்திருந்தான்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணன் முப்பத்தெட்டுக் கதைகளைத் தன் குரலில் பதிந்து, திரையின் முகப்பிலேயே, அதாவது சி-யிலேயே, வைத்திருந்தார். இரண்டு வயது மகள் கேட்டு வளர வேண்டும் என்று. அவர் குரல் வேறெங்கும் மிச்சமில்லை. இதையெல்லாம் அவர் எழுதி எழுதிக் காட்ட, அண்ணி சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

தான் செய்தது ஃபார்மட்டுக்குப் புரிந்தது. ஆனால் வாயில் வந்தது பழைய பாட்டுத்தான்.

“டி-ல போட்டிருக்கலாமேண்ணே. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்.”

அண்ணனின் வாய் திறந்து மூடியது. திட்டக்கூட அவரிடம் குரல் இல்லை. ஃபார்மட்டுக்கு அது சௌகரியமாகவே இருந்தது, வெட்கக்கேடு.

அழிந்ததை மீட்கும் மென்பொருளை வைத்து இரண்டு நாள் மல்லுக்கட்டினான். மூன்று பதிவுகள் கிடைத்தன. மூன்றிலும் கிறீச்சென்ற இரைச்சல் மட்டும்.

மூன்றாம் நாள் அவன் கண்ணெதிரிலேயே திரை மறுபடியும் நீலமானது. முதல்முறையாக அந்த வெள்ளை எழுத்தைப் படித்தான். ரேமில் கோளாறு என்றது. பெட்டியைத் திறந்து, விரலைவிட நீளமான அந்த நினைவகப் பட்டையைக் கழற்றினான். அதன் பித்தளைநிற விளிம்பில் அழுக்குப் படிந்திருந்தது. பையில் எப்போதும் கிடக்கும் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினான். மூன்றே நிமிடம். கம்ப்யூட்டர் சொன்னபேச்சுக் கேட்டது.

திரும்பினால் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. சிலேட்டை நீட்டினார்.

‘இதை அன்னைக்கே பண்ணியிருந்தா கதை இருந்திருக்குமா?’

பதினாறு வருடத்தில் யாரும் அவனை இப்படி மடக்கியதில்லை. உலர்ந்த உதட்டை நக்கிக்கொண்டான்.

“இருந்திருக்கும்ணே.”

அண்ணன் சிலேட்டைத் துடைத்தார். பிறகு ஒருமுறை கைதட்டினார். அண்ணி தண்ணீரோடு வந்து அவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. தம்பிக்குக் கொடு என்று கையைக் காட்டினார்.

ஃபார்மட் வாங்கிக் குடித்தான். டம்ளர் காலியாகும்வரை அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார்.